பற்றரியில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தின் மின்செலவை அளத்தல்

மின்கம்பி எட்டாத தோட்டங்களில் பற்றரியையும் இன்வேட்டரையும் கொண்டு நீரிறைக்கும் கமக்காரர் பலர், இயந்திரத்தின் தகட்டிற் பொறித்த பரிவலுவை நம்பியே கணக்கிடுகின்றனர். இது பிழையாகும். அரைப் பரிவலு, அதாவது 373 வாற்று, என்பது மோட்டர் வெளியே கொடுக்கும் வலுவாகும். அது உட்கொள்ளும் மின்வலு இதனினும் அதிகம். இன்வேட்டரும் தன் பங்கிற்குச் சிறிது விழுங்கும்.

ஆகவே, பற்றரிப் பக்கத்திலேயே அளத்தல் நன்று. இதற்கு நேரோட்டத்தையும் காட்டும் கிளாம்ப் மீற்றர் வேண்டும். ஆடலோட்டத்திற்கு மட்டும் உரிய மலிவானது இங்கு உதவாது. மீற்றரைப் பூச்சியத்திற்குக் கொணர்ந்து, பற்றரிக் கம்பிகளுள் ஒன்றை மாத்திரம் கவ்வுதல் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் அது ஒன்றுங் காட்டாது. இயந்திரம் தொடங்கும்போது ஓட்டம் பன்மடங்கு பாயும். நீர் சீராக வந்தபின் காட்டும் அளவையே கொள்க. அவ்வேளையிற் பற்றரி முனைகளிலுள்ள வோல்ற்றளவால் அதனைப் பெருக்க வாற்று கிடைக்கும்.

உதாரணமாக, 24 வோல்ற்றும் 27 அம்பியரும் எனின் 648 வாற்று. 24 வோல்ற்று, 100 அம்பியர்-மணி கொண்ட ஈயப் பற்றரித் தொகுதியின் கொள்ளளவு 2,400 வாற்று-மணி எனினும், பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். மற்றப் பாதியான 1,200 வாற்று-மணி இரண்டு மணித்தியாலத்துக்கும் போதாது. விரைந்து எடுக்கும்போது கொள்ளளவு மேலும் குறையுமாதலின், ஒன்றரை மணித்தியாலம் எனக் கொள்வதே பாதுகாப்பு. வெங்காயப் பாத்திகள் முழுவதற்கும் அந்நேரம் போதாவிடின், எஞ்சியவற்றைப் பற்றரி ஏறியபின் மறுநாள் இறைத்தல் வேண்டும். இறைப்பு முடிந்ததும் இன்வேட்டரையும் நிறுத்துக. வேலையின்றி நின்றாலும் அது மின்னை உண்ணும்.