நெல்லுக்குள் ஒளியும் கள்ளன்



புத்தளம் தில்லையடியில் இருக்கும் உறவுக்காரரைப் பார்க்க நம்ம தோட்டத்துக் குடும்பம் ஒன்று பெரும்போக நேரத்தில் போயிருந்தது. அவர் குத்தகைக்குச் செய்த வயலிலே கதிர்கள் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்றன. நெருடிப் பார்த்தால் மணியே இல்லை, வெறும் பதர். "மருந்தடிச்சா சரியாப் போகும்" என்று கடன்பட்டு இரண்டு தடவை அடித்தார்கள். கதிரும் தேறவில்லை, காசும் மிஞ்சவில்லை. ஏன் என்று இம்மாதம் படிப்போம்.

கள்ளன் யார்?

இதன் பெயர் மஞ்சள் தண்டுத் துளைப்பான். தாய் அந்துப்பூச்சியின் மஞ்சள் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். இலை நுனிப் பக்கம் முட்டைகளைக் கும்பலாக இட்டு, தன் உடம்பு ரோமத்தால் மூடிவிடும். ஒரு வாரமளவில் பொரிக்கும் புழு, தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். பயிர் இளசாக இருந்தால் நடுக்குருத்து காயும். இழுத்தால் கையோடு வரும். அப்போது பக்கத்துக் கிளை வெடித்து ஓரளவு ஈடு செய்யும். கதிர் வரும் காலத்தில் துளைத்தால் வெண்கதிர்தான். வெண்கதிரைக் கண்ட பிறகு எந்த மருந்தும் அதை நெல்லாக்காது.

நமக்கு யார் துணை?

டெலினோமஸ் என்னும் கடுகிலும் சிறிய குளவி, தாய்ப்பூச்சியின் வால் ரோமத்தில் தொற்றிக்கொண்டே போகும். பூச்சி முட்டையிட்டதும் அந்த முட்டைக்குள்ளே இதுவும் முட்டையிடும். டெட்ராஸ்டிக்கஸ் என்ற இன்னொரு குளவியின் புழு ஒன்றே மூன்று முட்டைகளைத் தின்று வளரும். இவை போதாதென்று சிலந்தி, தும்பி, குருவி எல்லாம் நம் பக்கம். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான். புழு தண்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

இது நமக்குப் புதுக்கதை இல்லைங்க. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டும் புழுவை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். புழு அடங்கியது. 1950களின் பிற்பகுதியில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் அடித்தபோது, சுருட்டுப்புழு மறுபடி பெருகியது. குளவியின் காவல் குலைந்ததே காரணம்.

என்ன செய்யலாம்?

1. நாற்று நடுமுன் இலை நுனியைக் கிள்ளி அழியுங்கள், முட்டைகளும் போகும்.
2. அறுவடை முடிந்ததும் தாளை உழுது தண்ணீர் கட்டுங்கள். அடுத்த போகத்துப் புழு அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.
3. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள்.
4. குருவி உட்கார வயலில் குச்சி நடுங்கள்.
5. மருந்து வாங்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

வயலுக்குப் போனால் முட்டைக் கும்பல் உள்ள இலையைப் பறித்துப் போத்தலில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வையுங்கள். தினமும் பாருங்கள். புழு வந்தால் கொன்றுவிடுங்கள். சின்னக் கறுப்புக் குளவி வந்தால் வயலில் விட்டுவிடுங்கள். கூலி கேட்காத வேலையாள் அது!

கீழ்நாட்டில் வயல் செய்யும் சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக் கடனாவது மிச்சமாகட்டும்.