எஞ்சினின் நேரக் குறிகளை வாசித்தல்



பனி கரைந்து சித்திரை பிறந்ததும் லில்லெஸ்ட்ரோம் வீதிகளில் மோட்டார்ச் சைக்கிள்கள் மீண்டும் ஓடத் தொடங்கும். நோர்வேயில் 16 வயது நிறைந்தவர் மொபெட் செலுத்த அனுமதிப்பத்திரம் பெறலாம். ஆதலால் உங்களுட் சிலர் விரைவில் எஞ்சினைக் கையாள நேரிடும். ஓட்டப் பழகுவதோடு அதன் உள்ளியக்கத்தையும் அறிந்திருத்தல் நன்று.

இவ்வறிவின் பெறுமதியை எம் மூத்தோர் நன்கறிவர். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினர். உதிரிப்பாகங்களும் எளிதிற் கிடைக்கவில்லை. இருந்ததைப் பேணும் அறிவே அன்று கைகொடுத்தது. அவர்களுக்குப் பழக்கமான ஹொண்டா சி 90 எஞ்சினையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

குறிகள் எவை?

எஞ்சினின் இடப்பக்க மூடியைக் கழற்றினால் மக்னெற் எனப்படும் பாரச் சில்லு தெரியும். அதன் விளிம்பில் 'ரீ', 'எவ்' என்னும் இரு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் அருகே கோடுகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அசையாத பாகத்தில் ஒரு நிலைக்குறி உண்டு. 'ரீ' கோடு நிலைக்குறியோடு நேர்படும்போது பிஸ்ரன் சிலிண்டரின் உச்சியில் நிற்கின்றது. 'எவ்' கோடு நேர்படும்போது பிளக்கில் தீப்பொறி பிறக்கவேண்டும்.

சில்லு இடஞ்சுழியாகச் சுழலுகையில் 'எவ்' முன்னும் 'ரீ' பின்னும் வரும். கலவை எரிந்து அமுக்கம் பெருகச் சிறிது நேரம் வேண்டுமாதலால், பிஸ்ரன் உச்சியை அடையுமுன்பே தீமூட்டப்படுகின்றது. நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் 15 பாகை முன்னேற்றம் என்பது ஒரு வினாடியின் 600இல் ஒரு பங்கேயாகும்.

ஏமாற்றும் இடம்

இது நான்கடிப்பு எஞ்சின். உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் நிறைவுற சில்லு இருமுறை சுழல்கின்றது. எனவே 'ரீ' குறியும் இருமுறை நேர்படும்: ஒருமுறை அமுக்கலின் முடிவில், மறுமுறை வெளியேற்றலின் முடிவில். குறியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

வால்வு இடைவெளியை அளக்க வேண்டியது முதலாவதிலேயே. அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். மற்றையதில் ஒன்று மூடும் தறுவாயிலும் மற்றது திறக்கும் தறுவாயிலும் இருக்கும். அந்நிலையில் இடைவெளியைச் சரிசெய்தால் அது மிகுதியாகிவிடும். எஞ்சின் தட்டும் ஓசை எழுப்பும், வலுவிழக்கும்.

செய்முறை

எஞ்சின் நன்கு ஆறியபின் பிளக்கையும் வால்வு மூடிகளையும் கழற்றுக. சில்லைக் கையால் இடஞ்சுழியாகத் திருப்பி 'ரீ' குறியை நேர்ப்படுத்துக. பின்னர் இரு ரொக்கர் கைகளையும் விரலால் அசைத்துப் பார்க்க. இரண்டும் மெல்ல ஆடினால் அதுவே சரியான நிலை. இறுகி நின்றால் இன்னுமொரு முழுச் சுற்றுத் திருப்புக. பீலர் கேஜ் தகட்டால் 0.05 மில்லிமீற்றர் இடைவெளி அமைக்க. இடைவெளி அறவே இல்லையெனில் வால்வு முற்றாக மூடாது, அமுக்கம் குறையும், காலப்போக்கில் வால்வே எரிந்து கெடும்.

பிற எஞ்சின்களில் அளவுகள் வேறுபடும். அவ்வவற்றின் கைந்நூலைப் பார்த்தே செய்தல் வேண்டும்.

மாணவர்களே, கண் கண்ட குறியை விரல் உறுதிசெய்த பின்னரே திருகாணியில் கைவைக்கவேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம். முதன்முறை செய்யும்போது வீட்டில் அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையையும் அப்போது கேட்டறியலாம்.