பாலிஅன்ஹைட்ரைடு தயாரிக்க எந்த முறை?

திருவாண்டார்கோயில், திருபுவனைப் பக்கம் மருந்துத் துறைக்காகச் சிறிய ஆய்வுக்கூடம் நடத்துகிறவர்களுக்கும், புதுச்சேரியில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். உடலுக்குள் வைத்த மருந்து சீராக வெளியேற வேண்டுமென்றால் பாலிஅன்ஹைட்ரைடைக் கட்டாயம் பரிசீலியுங்கள். குளிக்கிற சோப்பு மாதிரி மேல்பரப்பிலிருந்தே தேய்ந்துகொண்டு வரும். 1930களில் வேதியியலாளர் கரோதர்ஸ் இதில் ஜவுளி இழை செய்யப் பார்த்தார்; தண்ணீர் பட்டால் சிதைந்ததால் பலிக்கவில்லை. அந்தக் குணத்தையே 1980களில் ராபர்ட் லாங்கர் குழு மருந்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. இந்தப் பாலிமரால் ஆன, மூளைக் கட்டிக்கான கிளியாடெல் வில்லைக்கு 1996-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அந்த வில்லையின் பாலிமரில், மோல் கணக்குப்படி, நூற்றுக்கு 80 பங்கு செபாசிக் அமிலம். அது ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுப்பது. ஆமணக்கு விளைச்சலில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்குத்தான்.

முறையைத் தேர்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் மோனோமர் சூடு தாங்குமா? தாங்கும் என்றால் மெல்ட் கண்டன்சேஷனை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். டைஆசிடை அசெட்டிக் அன்ஹைட்ரைடில் ரிஃப்ளக்ஸ் செய்து, மிச்சத்தை ஆவியாக்கிவிட்டு, கிடைக்கும் ப்ரீபாலிமரைச் சுத்தப்படுத்தி, 180 டிகிரி ஆயில் பாத்தில் வேக்குவம் வைத்து ஒன்றரை மணி நேரம் சூடேற்றுவது வழக்கம். உருகியது முதலில் நுரைத்துக் கொதிக்கும். வெளியேறும் அசெட்டிக் அன்ஹைட்ரைடு கோல்ட் டிராப்பில் உறையும். போகப்போகக் கலக்கி இறுகித் திணறும். சங்கிலி நீள்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு மேலும் சூட்டில் விட்டால் பழுப்பேறும், மூலக்கூறு எடையும் இறங்கும். டோம்பும் லாங்கரும் 1987-இல் காட்மியம் அசெட்டேட் சேர்த்து எடையை இரண்டு லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். உடலுக்குள் போகிற பொருளில் காட்மியம் கூடாது என்பது என் கருத்து. எடை கொஞ்சம் குறைந்தாலும் வினையூக்கி இல்லாமலே செய்யுங்கள்.

சூடு தாங்காத மோனோமர் என்றால் கரைசல் முறை. டைஆசிட் குளோரைடையும் டைஆசிடையும் ட்ரைஎத்திலமின் சேர்த்து அறை வெப்பத்திலேயே வினைப்படுத்தலாம். சங்கிலி குட்டையாக நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை உப்பு. அமின் உப்பைக் கழுவத் தண்ணீர் ஊற்றினால் அன்ஹைட்ரைடு பிணைப்பே உடைந்துபோகும். கரையாத பாலிவினைல்பிரிடினை அமில ஏற்பியாகப் போட்டால் உப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும், வடிகட்டி எடுத்துவிடலாம். விலை கூடினாலும் இதுவே நல்லது.

ஃபாஸ்ஜீனை வைத்து ஒரே படியில் இணைக்கும் முறையும் இருக்கிறது. சுத்தமான பாலிமர் கிடைக்கும், உண்மைதான். ஆனால் முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது. சிறிய கூடத்தில் வேண்டவே வேண்டாம்.

அடிபிக் அன்ஹைட்ரைடு வளையத்தைத் திறந்து பாலிமராக்கும் வழி ஆராய்ச்சிக்கு அழகானது. மோனோமரை அவ்வப்போது புதிதாகத் தயாரித்துக்கொள்ள வேண்டும். மோனோமர்களின் பல விகிதங்களைச் சீக்கிரம் சோதித்துப் பார்க்க மைக்ரோவேவ் கைகொடுக்கும். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாலாஜி நரசிம்மன் குழு 2004-இல் அப்படிச் சில நிமிடங்களிலேயே பாலிமர் எடுத்துக் காட்டியது.

எந்த முறையானாலும் நம் கடலோர ஈரக்காற்று விடாது, அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில். நைட்ரஜன் நிரப்பி மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். குப்பியை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே பனித்துவிடும். ஐ.ஆர். படத்தில் 1810, 1740 அருகே இரட்டை முகடு தெரிய வேண்டும். 1700 பக்கம் தோள் எழும்பினால் சரக்கு அமிலமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

கையில் ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் நல்ல வேக்குவம் பம்ப் வாங்குங்கள்.