வேம்பும் மலைவேம்பும்: இலையாலும் பழத்தாலும் பிரித்தறியும் முறை

வேப்பமரத்தை அறியாத கிராமவாசி இல்லை. காரைக்கால் பகுதியைச் சேர்ந்த வரிச்சிக்குடி போன்ற கடலோரக் கிராமங்களிலும் அது யாவருக்கும் பழக்கமான மரமே. ஆயினும், வேம்பைப் போன்ற இலையையுடைய வேறு இரண்டு மரங்களும் உண்டு. அவ்விரண்டையும் ஜனங்கள் மலைவேம்பு என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றனர். அவற்றுள் ஒன்றின் பழம் விஷமுள்ளது. மற்றொன்று விலை பெறும் தடிமரம். பெயரை மாத்திரம் நம்புகிறவர்களுக்குக் கன்று வாங்கிய பணமும் விதை மூட்டையின் தரமும் நஷ்டமாகலாம். சில சமயம் குழந்தையின் உயிருக்கே அபாயம் நேரலாம்.

இவ்வித மயக்கம் நம் நாட்டில் மட்டுமன்று. ஐரோப்பாவில் ‘மலை ஆஷ்’ எனப்படும் மரம் ஆஷ் இனத்தைச் சேர்ந்ததன்று. இலை ஒற்றுமையால் வந்த பெயரே அது. 1753-ம் வருஷத்தில் லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரி வேம்பையும் விஷப்பழ மலைவேம்பையும் மெலியா என்ற ஒரே இனத்தில் சேர்த்தார். மெலியா என்பது ஆஷ் மரத்தின் கிரேக்கப் பெயர். பிற்காலத்தில் வேம்பு தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. பிரித்தறியும் அடையாளங்கள் வருமாறு:

1. இலை: வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் நேராக அமைந்திருக்கும். சிற்றிலை அரிவாள்போல் சற்று வளைந்து, ஓரத்தில் வாட்பல் போன்ற வெட்டுகளுடன், அடிப்பாகம் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கும். மலைவேம்பு இரண்டிலும் நடு ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றின்மேல் சிற்றிலைகள் இருக்கும். ஈர்க்கு கிளைத்திருந்தால் அது வேம்பன்று.

2. பூ: வேம்பின் பூ வெண்மையானது. விஷப்பழ மலைவேம்பின் பூ இளம் ஊதா நிறம். நடுவே கரு ஊதாக் குழல் தெரியும். தடிமர மலைவேம்பின் பூ பசுமை கலந்த வெண்மை.

3. பழம்: வேப்பம்பழம் நீள்வட்டமாய், மெல்லிய தோலுடன் ஆனி, ஆடி மாதங்களில் பழுத்து உதிரும். விஷப்பழம் கோலிக்குண்டு போல் உருண்டு மஞ்சளாகும். இலை உதிர்ந்த பின்னும் நெடுநாள் குலையாகத் தொங்கிச் சுருங்கும். தடிமர மலைவேம்பின் பழம் இவ்விரண்டினும் பெரியது.

4. கொட்டை: வேப்பங்கொட்டை வழவழப்பானது, பெரும்பாலும் ஒரே பருப்பு இருக்கும். விஷப்பழத்தின் கொட்டையில் வரிவரியாய் மேடுகளும் நடுவே இயற்கைத் துளையும் உண்டு; பல விதைகள் இருக்கும். இத்துளையில் நூல் கோத்து மணிமாலை செய்வது பல நாடுகளில் வழக்கம்.

வேப்பம்பழத்தைச் சப்பிப் பழகிய குழந்தை மஞ்சள் பழத்தையும் வாயிலிடக்கூடும். அதைத் தின்றால் வாந்தி, பேதி, வயிற்றுவலி முதலியன உண்டாகும். அதிகம் தின்றால் மரணமும் நேரலாம். பறவைகள் தின்கின்றன என்பதைக் கொண்டு மனிதருக்கும் தீங்கில்லை என்று எண்ணலாகாது. தின்ற குழந்தையைக் கைவைத்தியத்தால் தாமதியாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பழமும் இலையும் கொண்ட ஒரு கொத்தையும் டாக்டரிடம் காட்டுதல் நலம்.

சங்க அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வேப்பங்கொட்டையை மூட்டை கட்டுமுன் பரப்பிப் பார்த்து, வரியுள்ள கொட்டைகளை நீக்குக. 2015-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது முதல் சுத்தமான வேப்பங்கொட்டைக்கு மதிப்புக் கூடியுள்ளது. இரண்டாவது, மலைவேம்புக் கன்று வாங்குவோர் அது எம்மரத்தின் விதையினின்று வந்தது என்று கேட்டு, கூடுமானால் தாய்மரத்தின் பூவையும் பழத்தையும் கண்டு வாங்குக. தடிமர மலைவேம்பு ஒட்டுப்பலகைக்கு ஏற்றது; விரைவில் வளர்வது. ஆனால் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிற்கும் டெல்டா நிலத்தில் மேட்டுப்பாங்கான இடத்திலேயே அதை நடவேண்டும். மூன்றாவது, ஊதாப்பூ மரத்தைப் பள்ளிக்கூடத்தின் அருகிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்கலாகாது.

ஈர்க்கைப் பார்த்தல், பூவின் நிறம் காணல், கொட்டையைத் தடவிப் பார்த்தல் ஆகிய இம்மூன்றுக்கும் செலவு ஒன்றுமில்லை. ஒவ்வொரு குடும்பத்தாரும் இவற்றைத் தாமும் கற்று, தம் குழந்தைகளுக்கும் மரத்தடியிலேயே காட்டிக் கற்பிப்பார்களாக.