டீசல் பிக்கப் வண்டிகளின் எஞ்சின்கள்: பழுதும் அதன் தோற்றுவாயும்

டீசல் எஞ்சின் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது அதன் உழைப்பாற்றல். பெற்றோல் எஞ்சினிலும் நெடுங்காலம் அது உழைக்கும் என்பதும், சுமையேற்றிய லொறியை மேட்டிற் சலியாது இழுத்துச் செல்லும் என்பதும் யாவரும் அறிந்தவை. இந்நற்பெயரை நம்பியே ஐக்கிய அமெரிக்காவில் விவசாயிகளும் கட்டட வேலைக்காரரும் மாட்டுப் பண்ணையாளரும் 1970களின் பிற்பகுதி தொடக்கம் தம் பிக்கப் வண்டிகளை டீசல் எஞ்சினோடு வாங்கத் தலைப்பட்டனர். ஆயினும் அந்நாட்டிலே இவ்வெஞ்சின்களின் வரலாறு முழுவதும் புகழ் வரலாறன்று. அவற்றுட் சில, வாங்கியவரைக் கடனாளியாக்கின. செய்த கம்பனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தன. பௌதிகமும் இரசாயனமும் கற்கும் மாணவர்க்கு அவை நல்ல பாடம் என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. எஞ்சின் உடைந்த இடம் ஒன்று. உடைவித்த காரணம் இருந்த இடம் வேறொன்று. உடைந்த இடத்தை மாத்திரம் திருத்தியவர் மீண்டும் மீண்டும் அதே பழுதைக் கண்டனர்.

முதற்கண் டீசல் எஞ்சினின் தத்துவத்தைச் சுருங்க நோக்குவோம். இதில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. உருளைக்குட் புகுந்த காற்றை ஆடுதண்டு பதினெட்டில் ஒரு பங்கு, இருபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு நெருக்குகின்றது. அங்ஙனம் நெருக்குண்ட காற்றின் வெப்பநிலை, டீசல் தானே தீப்பற்றும் நிலைக்கு மேலே உயர்கின்றது. அத்தருணத்தில் டீசல் நுண்திவலைகளாகத் தெளிக்கப்படத் தகனம் நிகழ்கின்றது. 1970களின் பெற்றோல் எஞ்சின்களில் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 8:1 அளவே என்பதை நினைத்தால், டீசல் எஞ்சினின் உறுப்புகள் எத்துணை வலிமை உடையனவாதல் வேண்டும் என்பது புலனாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உருளையின் விட்டம் 95 மில்லிமீற்றர் என்க. அதன் பரப்பு ஏறத்தாழ 71 சதுர சென்ரிமீற்றர். தகனத்தின்போது அமுக்கம் 100 வளிமண்டலம் எனக் கொண்டால், உருளைத்தலையை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏழு தொன்னுக்கு மேற்படும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நாலடிப்பு எஞ்சினில், ஒவ்வோர் உருளையிலும் இவ்வடி செக்கனுக்கு 25 முறை விழும். இவ்வடிக்கு அஞ்சாது தலையைப் புளொக்கோடு இறுகப் பிடித்திருப்பன சில போல்ட்டுகளே. தலைக்கும் புளொக்குக்கும் இடையே காஸ்கெற் எனும் மெல்லிய தகடு ஒன்று இருந்து, தகன வாயுவையும் நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலவாது காக்கின்றது. போல்ட்டு மயிரளவு நீண்டாலும் காஸ்கெற் தன் காவலை இழக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின் பின், எரிபொருட் சிக்கனம் அமெரிக்கக் கம்பனிகளுக்குப் பெருங்கவலையாயிற்று. ஜெனரல் மோட்டேர்ஸ் கம்பனியின் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவினர், தம் 5.7 லீற்றர் V8 பெற்றோல் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு ஒரு டீசல் எஞ்சினை அமைத்து 1978ஆம் ஆண்டு மாதிரிகளில் வெளியிட்டனர். கார்களிலும் செவ்ரொலே, ஜீ.எம்.சீ. பிக்கப் வண்டிகளிலும் அது பொருத்தப்பட்டது. நெருக்கல் விகிதம் 22.5:1. புளொக்கை அவர்கள் தடிப்பாகவே வார்த்தனர். அதிற் குறை சொல்வதற்கில்லை. பிற்காலத்தில் பந்தயக்காரர் அந்தப் புளொக்கைத் தேடி வாங்கிப் பெற்றோல் எஞ்சினாக மாற்றி ஓட்டினர் என்பதே அதன் வலிமைக்குச் சான்று. ஆனால் பழைய பொறித்தொகுதியிலேயே உற்பத்தி செய்தல் வேண்டும் என்னும் சிக்கனத்தால், தலையொன்றுக்குப் பத்துப் போல்ட்டு என்ற பெற்றோல் எஞ்சினின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டனர். போல்ட்டுகள் நீண்டன, சில முறிந்தன. காஸ்கெற் கசிய, நீர் உருளைக்குட் புகுந்தது. நீரோ நெருக்கத்துக்கு இடங்கொடாதது. மேலெழுந்த ஆடுதண்டு அதனோடு மோத, இணைதண்டு வளைந்தது.

அவ்வெஞ்சினுக்கு இன்னொரு கேடும் வாய்த்திருந்தது. டீசலிற் கலந்திருக்கும் நீரைப் பிரிக்கும் கருவி அதிற் பொருத்தப்படவில்லை. நீர் நுண்ணிய தெளிப்புப் பம்பியைத் துருப்பிடிக்கச் செய்தது. நீரைப் போக்கலாம் என்றெண்ணி, பெற்றோல் வண்டிக்காரரின் வழக்கப்படி மதுசாரத்தை எரிபொருட் தாங்கியில் ஊற்றியவரும் உளர். அது பம்பியின் உள்ளுறுப்புகளை மேலும் கெடுத்தது. பிக்கப் வண்டிகளில் 1982இலே டீசலுக்கென்றே அமைத்த 6.2 லீற்றர் எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. கார்களிலும் 1985ஓடு அது மறைந்தது. அமெரிக்கரிற் பலர் டீசல் காரையே வெறுக்கும் நிலைக்கு இவ்வொரு எஞ்சின் வழிசெய்தது என்பது மிகையன்று.

இதற்கு மாறாக, டொட்ஜ் பிக்கப் வண்டிகளில் 1989 தொடக்கம் வந்த கமின்ஸ் 5.9 லீற்றர் எஞ்சின் பெரும் புகழ் ஈட்டியது. ஆறு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்தது, உறுப்புகள் சில, லொறிக்கும் உழவு யந்திரத்துக்கும் உரிய பருமன். ஆயினும் அதற்கும் ஒரு நமன் இருந்தான். முன்புறப் பற்சில்லுப் பெட்டியை நேராக நிறுத்துதற்கு வைத்த சிறு உருக்கு ஆணி, அதிர்வினால் மெல்ல நழுவிப் பற்சில்லுகளுக்கிடையே விழுந்துவிடும். அவ்வாறு விழுந்தால் மாபெரும் எஞ்சின் கணத்திற் சிதையும். ஆணியின் வாயை மறைத்துச் சிறு தகடொன்றை முடுக்கிவிட்டால் அபாயம் தீர்ந்தது. இத்தகைய எளிய பரிகாரம் எல்லா எஞ்சினுக்கும் வாய்ப்பதில்லை.

வாய்க்காத எஞ்சினுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, போர்ட் கம்பனியின் சுப்பர் டியூற்றி பிக்கப் வண்டிகளில் 2003 முதல் 2007 வரையான மாதிரிகளில் இருந்த 6.0 லீற்றர் பவர் ஸ்றோக் எஞ்சின். இதனைச் செய்து கொடுத்தது நவிஸ்ரார் கம்பனி. இதற்கு முன்னிருந்த 7.3 லீற்றர் எஞ்சினும் அவர்கள் செய்ததே, உழைப்பிற் பேர்போனது. 2004ஆம் ஆண்டின் புகை விதிகளுக்கு இணங்கவும், போட்டிக் கம்பனிகளின் வலுவை எட்டவும் புதிய எஞ்சின் வேண்டியதாயிற்று. பருமனிற் சிறிய அவ்வெஞ்சின் 325 குதிரைவலுவைத் தந்தது. கணக்கிலே நாம் கொண்ட 95 மில்லிமீற்றர் விட்டம் இதற்குரியதே. ஒவ்வோர் உருளையையும் சூழ்ந்து தலையைப் பிடித்தவை நான்கு போல்ட்டுகள்.

இங்கே இரசாயனம் சற்று வேண்டும். மிக்க வெப்பநிலையிற் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகின்றன. இவை நகரங்களின் காற்றை நஞ்சாக்குபவை. சுவாலையின் வெப்பநிலையைத் தாழ்த்தினால் இவை குறையும். அதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குட் செலுத்துவர். திரும்பும் புகை மிகவும் சூடானது ஆதலின், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைக் கொண்டே முதலில் அதனைக் குளிர்விப்பர். இக்கருவியைப் புகைக்குளிராக்கி என்போம். மசகெண்ணெயைக் குளிர்விப்பதற்கு வேறொரு குளிராக்கி, எஞ்சினின் இரு வரிசை உருளைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்திலே அமைந்திருந்தது. அதன் தகடுகளுக்கிடையே நீர் செல்லும் வழிகள் மிக ஒடுங்கியவை. அவ்வழியாற் சென்ற நீரே அப்பாற் புகைக்குளிராக்கிக்குப் போய்ச் சேரும். இவ்வொழுங்கை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்வருவன யாவும் இதிலிருந்தே பிறந்தன.

புளொக்கை வார்த்தபோது உட்குழிவுகளில் எஞ்சிய மணல் சிறிது சிறிதாக நீரோடு வந்தது. குளிர்நீரிற் சேர்த்த மருந்திலுள்ள சிலிக்கேற்று, காலஞ் செல்லச் செல்லக் கூழாகப் பிரிந்தது. இவ்விரண்டும் எண்ணெய்க் குளிராக்கியின் ஒடுங்கிய வழிகளை அடைத்தன. நீரோட்டம் குன்றவே, அப்பாலுள்ள புகைக்குளிராக்கியில் நீர் கொதித்து ஆவியாயிற்று. நீரற்ற குழாய்கள் வெந்து வெடித்தன. வெடித்த வழியாகக் குளிர்நீர் எஞ்சினுக்குட் புகுந்தது. புகைபோக்கியில் வெண்ணிற ஆவி எழுந்தது. உருளையின் அமுக்கம் எல்லை மீற, போல்ட்டுகள் நீண்டன, காஸ்கெற் கிழிந்தது. மேலதிக வலுவை விரும்பித் தகனக் கட்டுப்பாட்டை மாற்றிவைத்தோரின் வண்டிகளில் இம்முடிவு இன்னும் விரைந்து வந்தது.

வண்டியைக் கொண்டுவந்தவர் கண்டது, தண்ணீர் குறைகின்றது, வெள்ளைப் புகை வருகின்றது என்பதே. திருத்துபவர் கண்டது கிழிந்த காஸ்கெற். அதனை மாற்றினார். ஓட்டுநர் கூண்டைச் சட்டத்தினின்றும் தூக்கி எடுத்தே பலர் அவ்வேலையைச் செய்தனர். எஞ்சினின் பின்பகுதி கூண்டின்கீழ் அத்துணை ஆழப் புதைந்திருந்தது. கூலி எவ்வளவு என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஆனால் அடைபட்ட எண்ணெய்க் குளிராக்கி அப்படியே இருந்தது. ஆதலின் புதிய புகைக்குளிராக்கியும் வெடித்தது. புதிய காஸ்கெற்றும் பழையதன் வழியே சென்றது.

மூலத்தை அறிதற்கு வழி இல்லாமலில்லை. ஒரே ஓர் அளவீடு போதும். வண்டியை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நன்கு சூடேறும்வரை ஓட்டி, மசகெண்ணெயின் வெப்பநிலையையும் குளிர்நீரின் வெப்பநிலையையும் ஒப்பிடுதல் வேண்டும். இரண்டிற்குமிடையே 15 பாகை பரனைற், அதாவது ஏறத்தாழ 8 பாகை சதமளவைக்கு மேல் வேறுபாடு காணின் குளிராக்கி அடைபட்டது என்று துணியலாம். காஸ்கெற் கிழியுமுன்னரே இதனை அறியலாம் என்பது கவனிக்கத்தக்கது. நோயைக் கண்டவர் செய்யும் பரிகாரமும் அதே ஒழுங்கினது: குளிர்நீர்த் தொகுதியைக் கழுவுதல், எண்ணெய்க் குளிராக்கியை மாற்றுதல், பின் புகைக்குளிராக்கி, இறுதியிலே தலையைக் கழற்றி வலிய போல்ட்டுகளை இடுதல். இம்முறையிற் சீர்செய்த 6.0 எஞ்சின்கள் பல ஆண்டு உழைத்தன.

இவ்வெஞ்சினில் மசகெண்ணெய்க்கு உராய்வைக் குறைப்பது மாத்திரம் வேலையன்று. டீசலைத் தெளிக்கும் வலுவையும் அதுவே தருகின்றது. ஒரு பம்பி எண்ணெயை மிகுந்த அமுக்கத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்ப, அங்குள்ள சிறு ஆடுதண்டு அவ்வமுக்கத்தை ஏறத்தாழ ஏழு மடங்காக்கி டீசலைத் தள்ளுகின்றது. ஆகவே எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாதவர் இன்ஜெக்டரைக் கெடுத்தவராவர். எண்ணெய்க் குழாயின் ஓர் இணைப்பு நெகிழ்ந்தால் ஒரு வியப்பு நிகழும்: காலையிற் குளிர்ந்திருக்கும் எஞ்சின் உடனே இயங்கும், ஓடிச் சூடேறியபின் நிறுத்தினால் மீண்டும் இயங்காது. குளிர்ந்த எண்ணெய் தடித்தது, கசிவு குறைவு; சூடான எண்ணெய் நீர்த்தது, கசிந்து அமுக்கத்தை இழக்கின்றது. பாகுநிலை பற்றிய பாடத்துக்கு இதனிலும் நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்ஜெக்டருக்கு 48 உவோற்று மின்னை வழங்கும் மின்பெட்டியும் ஒன்றுண்டு. நலிந்த பற்றரியோடு வண்டியை ஓட்டினால் அப்பெட்டி கெட்டு, பழி இன்ஜெக்டர்மேல் விழும்.

பழுதுக்கு யார் பொறுப்பு? உத்தரவாதத் திருத்தங்களின் செலவு பற்றிப் போர்ட் கம்பனி 2007 சனவரியில் நவிஸ்ரார்மீது வழக்குத் தொடுத்தது. 2009 சனவரியில் இருவரும் இணங்கித் தீர்த்துக்கொண்டனர். 2011ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து போர்ட் தானே 6.7 லீற்றர் எஞ்சினைச் செய்யத் தொடங்கியது. உத்தரவாதக் காலம் கடந்தபின் கூலி கொடுத்தவர் வண்டிக்காரரே. என் கருத்திற் பிழை ஒரு போல்ட்டினுடையதோ ஒரு குளிராக்கியினுடையதோ அன்று. புகை விதி, வலுப் போட்டி, குறுகிய காலம் ஆகிய மூன்றும் ஒருங்கே நெருக்கியபோது, ஓர் உறுப்பின் கழிவு அடுத்த உறுப்புக்கு உணவாகும்படி அமைத்துவிட்டனர்.

புதிய எஞ்சின்களும் கவலையற்றன அல்ல. 2011 தொடக்கம் போர்ட் 6.7 எஞ்சினிலும், 2016 வரை ஜெனரல் மோட்டேர்ஸின் டியூறாமக்ஸ் எஞ்சினிலும் பொஷ் கம்பனியின் CP4 என்னும் உயரமுக்கப் பம்பி இருந்தது. இப்பம்பிக்குத் தனியே மசகெண்ணெய் இல்லை. அதனூடு செல்லும் டீசலே மசகு. அமெரிக்காவில் 2006 முதல் நெடுஞ்சாலை டீசலின் கந்தகம் பத்து இலட்சத்தில் 15 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் முறை டீசலின் வழுவழுப்பையும் குறைக்கின்றது. மருந்து சேர்த்தே அதனை மீட்கின்றனர். தேய்வுச் சோதனையில் ஐரோப்பிய நியமம் 460 மைக்குரோன் தழும்பையே அனுமதிக்க, அமெரிக்க நியமம் 520 மைக்குரோன் வரை இடங்கொடுக்கின்றது. அம்மெலிந்த டீசலிலே பம்பியின் உருளி தன் நிலையினின்றும் திரும்பி அச்சைச் சுரண்டுமாயின், உலோகத்தூள் டீசலோடு கலந்து எல்லா இன்ஜெக்டர்களையும் சென்றடையும். பின் பம்பியை மாற்றிப் பயனில்லை. இன்ஜெக்டர்களும் குழாய்களும் யாவும் மாற்றப்படல் வேண்டும். தாங்கியையும் கழுவ வேண்டும். றாம் வண்டிகளின் கமின்ஸ் எஞ்சினிலும் 2019, 2020 மாதிரிகளில் இப்பம்பி புகுந்தது. அடுத்த ஆண்டே பழைய CP3 வகைக்குத் திரும்பினர். விற்ற வண்டிகளையும் 2021இலே திருத்தத்துக்கு அழைத்தனர். ஏனைய வண்டிக்காரரிற் சிலர், பம்பியினுள் ஓடி மசகிடும் டீசல் நேரே தாங்கிக்குத் திரும்பி வடிகட்டியூடாக மாத்திரம் மீண்டு வரும்படி குழாயை மாற்றி அமைக்கின்றனர். அது பம்பியைக் காப்பதன்று. பம்பி அழியும் நாளில் இன்ஜெக்டர்களைக் காப்பது.