இருமொழிக் குழந்தைகளிடம் வாசிப்புக் குறைபாட்டை இனங்காணல்: தமிழ் எழுத்திலக்கண நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருசேரக் கற்கும் குழந்தையின் வாசிப்புக் குறைபாட்டை ஆங்கில வாசிப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டு கணிப்பது போதாது. தமிழில் நேரும் பிழைகளுள் பேச்சுவழக்கால் விளைவனவற்றையும் ஒலிப்பகுப்புத் தளர்ச்சியைச் சுட்டுவனவற்றையும் பிரித்தறிய எழுத்திலக்கணம் எவ்வாறு துணைநிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டிஸ்லெக்சியா, இருமொழியம், எழுத்திலக்கணம், மாத்திரை, இரட்டை வழக்கு, பிழைப் பகுப்பாய்வு

முன்னுரை

டிஸ்லெக்சியா என்னும் சொல்லை 1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் வழங்கினார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், அறிவுத்திறனில் குறையேதுமின்றி எழுத்தை மட்டும் வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். தொடக்கத்தில் இது பார்வை சார்ந்த குறையாகக் கருதப்பட்டது. சொல்லின் ஒலிகளைப் பிரித்துணர்ந்து அவற்றை எழுத்தோடு இணைப்பதில் உள்ள தளர்ச்சியே இதன் அடிப்படை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

தேர்வு வாரியங்கள் இக்குழந்தைகளுக்கு வழங்கும் சலுகைகளுள் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியன அடங்கும். விலக்கு என்றவுடன் எம்மொழியை விடுவது என்னும் வினா எழுகிறது. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் குழந்தைக்குத் தமிழே கூடுதல் சுமை என்று கொள்வது எளிது. அக்குழந்தையின் தமிழ் வாசிப்பை முறையாகச் சோதித்துப் பார்த்த பின்னரே அம்முடிவு எடுக்கப்படுகிறதா என்பது தமிழாய்வுலகம் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

எழுத்து முறையும் குறைபாட்டின் தோற்றமும்

குறைபாடு ஒன்றாயினும் அது வெளிப்படும் முறை எழுத்துக்கு எழுத்து வேறுபடும். பவுலேசுவும் பிறரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களுள் குறைபாடு உடையோரின் மூளைச் செயற்பாடு ஒத்த தன்மையில் குன்றியிருந்தது. எனினும் இத்தாலியர் மற்ற இரு சாராரையும்விடத் திருத்தமாக வாசித்தனர். எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே நேரான உறவுடைய இத்தாலிய எழுத்து அவர்களுக்குத் துணைசெய்தது. சீமோரும் பிறரும் 2003இல் ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டபோது, பல மொழிகளில் முதல் வகுப்பின் இறுதியில் குழந்தைகள் 90 விழுக்காட்டிற்கும் மேலான சொற்களைச் சரியாக வாசித்தனர். ஆங்கிலத்தில் அது 34 விழுக்காடாக இருந்தது. ஓ, யு, ஜி, எச் என்னும் ஒரே நான்கெழுத்துத் தொடர் சொல்லுக்குச் சொல் வேறாக ஒலிக்கும் மொழியில் இது வியப்பன்று.

இதன் எல்லையைக் காட்டுவது வைடெல், பட்டர்வர்த் ஆகியோர் 1999இல் விளக்கிய நிகழ்வு. ஆங்கிலம் பேசும் பெற்றோருக்குப் பிறந்து ஜப்பானில் வளர்ந்த இளைஞர் ஒருவர், ஜப்பானிய மொழியைத் தம் வயதினர்க்கு இணையாக வாசித்தார். ஆங்கிலத்தில் கடுமையான குறைபாடு உடையவராக இருந்தார். ஒரு மொழியில் மட்டும் சோதித்திருந்தால் அவரைப் பற்றிய கணிப்பு பாதியாகவே நின்றிருக்கும்.

தமிழ் எழுத்து வாசிக்கும் திசையில் பெரிதும் நேரானது. ககரம் 'பக்கம்', 'தங்கம்', 'அகம்' ஆகியவற்றில் மூவேறு ஒலி பெற்றாலும், எவ்விடத்தில் எவ்வொலி என்பதை நிற்கும் இடமே சொல்லிவிடும். ஆகவே தமிழில் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாக வெளிப்படுவதற்கே வாய்ப்பு மிகுதி. பிழைகளை மட்டும் எண்ணும் ஆசிரியர், எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சரியாகவே வாசித்து முடிக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தையைத் தவறவிட்டுவிடுவார். மதிப்பெண்ணுக்குள் அடங்காத அந்தத் தாமதம்தான் முதன்மையான அறிகுறி.

இடவல மாற்றம் பற்றிய பொதுநம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிற்றெழுத்து வடிவில் பி, டி ஆகியன ஒன்றற்கொன்று கண்ணாடி நிழல் போன்றவை. தமிழில் அத்தகைய இணை இல்லை. ஆங்கிலத்திலும் தொடக்கநிலைக் குழந்தைகள் பலர் அவற்றை மாற்றி எழுதுவது இயல்பே. திரைப்படங்கள் பரப்பிய இவ்வடையாளத்தைத் தமிழ் ஏட்டில் தேடுவதால் பயனில்லை.

பேச்சு காக்கும் வேறுபாடும் இழந்த வேறுபாடும்

தமிழ்ப் பிழைகளை வகைப்படுத்த ஒரே ஒரு வினா பெரிதும் உதவும்: குழந்தை எழுத்தில் தவறவிட்ட வேறுபாடு அதன் பேச்சில் உள்ளதா?

'பழம்' என்பதைப் 'பளம்' என்றெழுதும் குழந்தையின் வட்டாரத்தில் ழகரம் ளகரமாக ஒலிக்கலாம். ரகர றகர வேறுபாடு பெரும்பாலான வழக்குகளில் மறைந்துவிட்டது. 'இடம்', 'உடம்பு' ஆகியன 'எடம்', 'ஒடம்பு' என்று பேசப்படுகின்றன. சொல்லிறுதி மகரம் மூக்கொலியாகத் தேய்வதால் 'படம்' என்பதில் ஒற்று விடுபடுகிறது. 'வந்தது' என்பதை 'வந்துச்சு' என்று எழுதுவது இரட்டை வழக்கின் விளைவு. இவற்றுள் எதுவும் தன்னளவில் குறைபாட்டின் சான்றாகாது. சொல்லப்போனால், கேட்டதைக் கேட்டவாறே எழுதும் குழந்தை ஒலியைச் சரியாகப் பகுத்துள்ளது என்றே கொள்ள வேண்டும்.

'படம்', 'பாடம்', 'பட்டம்' என்பவற்றின் நிலை வேறு. இம்மூன்றையும் பேச்சில் கலக்கும் வட்டார வழக்கு இல்லை. 'பல்', 'பால்' என்பனவும் 'எடு', 'ஏடு' என்பனவும் அவ்வாறே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என எழுத்திலக்கணம் வகுத்த மாத்திரை, தமிழில் பொருளை வேறுபடுத்தும் ஒலிக்கூறு. துணைக்காலையும் புள்ளியையும் தொடக்கநிலைக் குழந்தை விட்டுவிடுவது உண்டு. எழுத்துகள் அனைத்தும் பயிற்றப்பட்டு, போதிய காலம் கடந்த பின்னரும் குறில் நெடில் மயக்கமும் இடையொற்று விடுபடுதலும் தொடர்ந்தால், அதனைப் பேச்சின்மேல் ஏற்றிச் சொல்ல இயலாது. கூர்ந்த கவனத்திற்குரியவை இப்பிழைகளே. 'கொ', 'கோ' போன்றவற்றில் குறியீடு மெய்யின் இருபுறமும் நிற்பதால் எழும் தடுமாற்றத்தை மட்டும் தனியே ஒதுக்க வேண்டும். எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் அங்கே ஒத்துவருவதில்லை.

ஆங்கிலப் பிழைகளுக்கும் இவ்வினா பொருந்தும். தமிழ் மெய்ம்மயக்கத்தை மொழிமுதலில் ஏற்பதில்லை. ஆதலின் 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது. வல்லினத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாடு தமிழில் பொருள் மாற்றுவதில்லை. ஆதலின் பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் குழந்தையின் செவிக்கு ஒன்றாகலாம். வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராட்டிரமோ பேசும் குழந்தைக்கு இப்பட்டியல் மாறும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்கீழ் தமிழைப் பாடமாகப் பயிலும் அத்தகைய குழந்தையின் பிழையை அதன் வீட்டுமொழியின் ஒலியமைப்பை அறியாமல் மதிப்பிடலாகாது.

சோதனைக் கருவிகளின் அமைப்பு

மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய 'டாலி' என்னும் கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் தொடங்கியது. ஆங்கிலக் கருவியை மொழிபெயர்ப்பதால் தமிழுக்குரிய கருவி கிடைத்துவிடாது என்பதற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது ஒலியுணர்வு பற்றியது. ஆங்கிலச் சோதனை சொல்லிலிருந்து தனியொலியை நீக்கச் சொல்லும். உயிர்மெய்யை அலகாகக் கொண்டு பயின்ற குழந்தை 'கமலம்' என்பதில் மகரத்தை நீக்கிக் 'கலம்' என்று எளிதில் சொல்லும். ககரத்திலிருந்து மெய்யைத் தனித்தெடுக்கச் சொன்னால் தயங்கும். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறையில் தனியொலி உணர்வு மெதுவாகவே வளர்கிறது என்று காட்டியுள்ளார். 'க் + அ = க' என்று சொல்லிக் கொடுத்த பழைய வகுப்பறை முறை அவ்வுணர்வை வளர்க்கும் சிறந்த பயிற்சி என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

இரண்டாவது பொருளற்ற சொற்கள் பற்றியது. மனப்பாடத்தால் வாசிக்கும் குழந்தையை அடையாளம் காண, வழக்கில் இல்லாத சொற்களை வாசிக்கச் செய்வர். அச்சொற்கள் மொழிமுதல், மெய்ம்மயக்கம், மொழியிறுதி பற்றிய விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். 'நெலாமி', 'தொமடு' என்பன தமிழ்ச் சொற்போலவே ஒலிப்பன. டகரத்தில் தொடங்கும் சொல்லோ 'க்ம' என்னும் மயக்கமுடைய சொல்லோ எந்தக் குழந்தையையும் தடுமாறச் செய்யும். தொல்காப்பியத்தின் நூன்மரபும் மொழிமரபும் வகுத்த விதிகள் இங்கே நேரடிப் பயன்பாடு பெறுகின்றன. உளவியலாளர் தனித்துச் செய்யக்கூடிய பணியன்று இது.

செவிவழிப் புரிதலையும் உடன் அளக்க வேண்டும். ஒரு பத்தியை வாசித்துக் காட்டினால் நன்கு விடை சொல்லும் குழந்தை, அதே தரமுடைய வேறொரு பத்தியைத் தானே வாசிக்கும்போது விடை சொல்ல இயலாமற்போனால், சிக்கல் எழுத்தில் உள்ளது. கேட்டும் விளங்கவில்லையெனில் அம்மொழியோடு குழந்தைக்குள்ள பழக்கத்தை முதலில் ஆராய வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டாம் நிலையிலும் தமிழில் முதல் நிலையிலும் உள்ள குழந்தைகள் பலர் இருக்கக்கூடும்.

ஆவணப்படுத்தலும் விலக்கும்

ஒருநாள் சோதனையைவிட, ஓராண்டில் எழுதப்பட்ட சொல்வதெழுதுதல் ஏடுகள் மிகுதியாகப் பேசும். தமிழாசிரியர் அவற்றில் மாத்திரைப் பிழைகளையும் வட்டார வழக்குப் பிழைகளையும் இருவேறு நிறங்களில் குறித்து வந்தால், எவ்வகை குறைந்து வருகிறது, எவ்வகை நிலைத்து நிற்கிறது என்பது புலப்படும். குடும்பத்தில் பிறர்க்கும் வாசிப்பில் இடர் இருந்ததா, குழந்தை பேசத் தாமதித்ததா என்னும் செய்திகளும் அதனுடன் சேர்க்கப்பட வேண்டும்.

விலக்குப் பரிந்துரையில் இரு மொழிகளின் வாசிப்பு வேகமும் பொருளற்ற சொல் வாசிப்பும் தனித்தனியே இடம்பெறுதல் இன்றியமையாதது. ஆங்கிலத்தில் பெரிதும் இடர்ப்பட்டுத் தமிழில் மெதுவாகவேனும் திருத்தமாக வாசிக்கும் குழந்தையிடமிருந்து தமிழை விலக்கினால், அக்குழந்தை தனித்து வாசித்துப் பொருள்கொள்ளும் ஒரே எழுத்து அதன் கையைவிட்டுப் போகும். இரண்டிலும் ஒத்த அளவில் இடர்ப்படும் குழந்தையின் நிலை வேறு. அதற்கு விலக்கைவிட முன்னதாகவே தொடங்க வேண்டிய பயிற்சியும், தேர்வில் கூடுதல் நேரமும் தேவைப்படும். இவ்விருவரையும் வேறுபடுத்தும் தரவு தமிழ் வகுப்பறையில்தான் உள்ளது.