பிள்ளையை யார் பார்ப்பது?

பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு மெரினாவுக்குப் போகிறோம். நன்னி, சாச்சா, மாமி என்று பத்துப் பேர் கூட இருப்பதால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறோம். ஆனால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால், பிள்ளையை யாருமே பார்ப்பதில்லை.

அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் விழுந்தாலும் சிறு பிள்ளையால் எழ முடியாமல் போகலாம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. சத்தம் வந்தால் ஓடலாம் என்று காத்திருக்க முடியாது.

ஆகவே தண்ணீர் அருகே போகும்முன் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் கைபேசியைத் தொடாமல், பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கட்டும். அரை மணி நேரம் கழித்து அடுத்தவர் மாறட்டும். "மாமி, இனி நீங்க பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லி, "சரிம்மா" என்ற பதிலைக் கேட்ட பிறகே நகர வேண்டும்.

பெற்றோரின் கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள். பிள்ளையைக் காணவில்லையென்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் தேடுங்கள். அதே நேரம் இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டு எண்களையும் இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.